மெழுகும் சாயமும்

கி.மு. முதல் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் சூழ்ந்த வேளையில், மாத்தளையை அடுத்த அளுவிகாரையிலே பிக்குகள் வாய்வழி வந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதினர் என்பது மரபு. மனனத்தின் பணியை எழுத்தாணி ஏற்றது. பழைய கருவியைப் புதிய வேலைக்கு அழைப்பது அவ்வூருக்குப் புதிதன்று.

மெழுகு படிந்த துணி சாயத்தை ஏற்காது. பின்னர் கொதிநீரில் மெழுகு நீங்கும். சாவகத்தில் வளர்ந்த இப்பத்திக் முறையை, 1960களில் ஈனா த சில்வா (1922–2015), லக்கி சேனநாயக்க முதலியோருடன் ஆடையைக் கடந்து எடுத்துச் சென்றார். ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் விதானத்தை அது அலங்கரித்தது. 1980களில் தம் மூதாதையர் ஊரான அளுவிகாரைக்குத் திரும்பிய ஈனா, கிராமப் பெண்களுக்குப் பத்திக்கும் தையலும் தொழிலாகும் பட்டறையை வளர்த்தார். பித்தளை வார்ப்பும் மரவேலையும் உடன் சேர்ந்தன.

கலைஞர் தங்கிப் பழந்தொழில்களைப் பரிசோதிக்கும் கூடங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. தங்கிச் செல்பவர் புகழோடு மீள்கிறார். தங்கி வாழ்பவர்க்கு எஞ்சுவது என்ன? அளுவிகாரை தரும் விடை, ஊரார்க்கு நிலைத்த தொழில் என்பதே. அதுவும் பாதி விடைதான். விதானத்தை வியக்கும் வரலாறு வரைந்தவரைப் போற்றுகிறது. மெழுகின் சூட்டைக் கைப்பழக்கத்தால் அறிந்த விரல்களையும் அது பெயர் சொல்லி அழைக்க வேண்டுமன்றோ? அதனையே நாம் கோருகிறோம்.