தாயகம் திரும்பும் உற்பத்தி

கூலி குறைவு என்று வெளிநாட்டுக்குக் கொண்டுபோன உற்பத்தியை ஒரு நிறுவனம் மீண்டும் சொந்த நாட்டுக்கே கொண்டுவருவது தாயகம் திரும்பும் உற்பத்தி. தொழில்துறையினர் இதை ‘ரீஷோரிங்’ என்பர். சீனாவில் கூலி ஏறியதும், கப்பலில் சரக்கு வந்துசேரப் பல வாரங்கள் பிடிப்பதும் 2010-க்குப் பின் அமெரிக்காவில் இதற்கு வேகம் கொடுத்தன.

அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் நடத்திய ‘அப்ளையன்ஸ் பார்க்’ என்ற வீட்டுச் சாதன ஆலை வளாகம். 1973-இல் அங்கே 23,000 பேர் வேலை பார்த்தனர். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2012-இல் ‘ஜியோஸ்பிரிங்’ வாட்டர் ஹீட்டரின் தயாரிப்பு சீனாவிலிருந்து அங்கு வந்தது. பொறியாளர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து அதைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே செப்புக் குழாய்கள் பற்றவைக்கக் கை நுழையாதபடி பின்னிக் கிடந்தன. கூலி மலிவாக இருந்தவரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வடிவத்தை மாற்றியதில் உதிரிபாகங்களில் ஐந்தில் ஒன்று தேவையற்றுப் போனது. மூலப்பொருள் செலவு 25 சதவீதம் குறைந்தது. 10 மணி நேரம் பிடித்த வேலை 2 மணி நேரத்தில் முடிந்தது. சில்லறை விலையும் 1,599 டாலரிலிருந்து 1,299 டாலருக்கு இறங்கியது. வரைபவரையும் பூட்டுபவரையும் இரண்டு கண்டங்களில் பிரித்து வைத்ததன் இழப்பு எந்தக் கூலிக் கணக்கிலும் ஏறியிருக்கவில்லை. கவனிக்க வேண்டிய பாடம் இதுதான்.

தொழிலாளிக்குக் கிடைத்தது வேறு. புதிதாகச் சேர்ந்தவர்களின் தொடக்கக் கூலி மணிக்குச் சுமார் 13 டாலர். பழைய தொழிலாளர் பெற்றதைவிடப் பல டாலர் குறைவு. 2016-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் வீட்டுச் சாதனப் பிரிவையே சீனாவின் ஹையர் நிறுவனம் வாங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் அங்கே ஜியோஸ்பிரிங் தயாரிப்பும் நின்றது.

உற்பத்தியைத் தாயகம் திருப்ப அரசுகளும் பணம் ஒதுக்குகின்றன. கொரோனாவால் உதிரிபாக வரத்து தடைப்பட்டதும், 2020-இல் ஜப்பான் தன் நிறுவனங்களைத் திரும்ப அழைக்க 22,000 கோடி யென் ஒதுக்கியது.

எல்லா முயற்சியும் நிலைப்பதில்லை. அடிடாஸ் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும், பிறகு அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு அருகிலும் ‘ஸ்பீட்ஃபேக்டரி’ என்ற தானியங்கிக் காலணி ஆலைகளைத் தொடங்கியது. 2019-இல் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை வியட்நாம், சீனா ஆகிய நாடுகளில் தனக்குக் காலணி செய்து தரும் ஆலைகளுக்கு மாற்றியது. தோலும் அடிப்பாகமும் தைக்கும் கையும் அங்கேதான் இருந்தன.