கியூபப் பெசோவும் அமெரிக்கத் தடையும்: நாணயம் ஆவணமா, சரக்கா?

கியூபக் குடியரசு 1915-இல் தன் முதல் தேசிய நாணயங்களை வெளியிட்டபோது அவற்றை அடித்துக் கொடுத்தது அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலை. வெள்ளிப் பெசோவின் ஒரு பக்கத்தில் கதிர்விடும் ஐந்துமுனை விண்மீனும், 'தாயகமும் விடுதலையும்' என்று பொருள்படும் ஸ்பானிய வாசகமும் இருக்கும். மறுபக்கத்தில் குடியரசின் இலச்சினை. எடை 26.7295 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 900 என்ற விவரமும் காசிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தங்கக் காசுகளில் கியூப விடுதலை வீரர் ஹோசே மார்த்தியின் முகம். இப்படியொரு பெசோ ஹவானாவில் சில காலம் புழங்கி, பிறகு மாட்ரிட் வணிகர் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் அஞ்சலில் வரவழைக்க, விதியின் சொற்படி அவருக்குக் கருவூலத் துறையின் உரிமம் தேவை. தன் நாட்டு அரசு நாணயச்சாலையில் பிறந்த காசை வாங்க இந்தக் கட்டுப்பாடு.

இந்தத் தடையின் வேர் 1917-ஆம் ஆண்டின் 'எதிரியுடன் வணிகம்' சட்டத்தில் இருக்கிறது. அதிபர் கென்னடி 1962 பிப்ரவரியில் கியூபா மீது முழு வணிகத் தடையை அறிவித்தார். அந்தப் பழைய சட்டத்தின் கீழ் 1963 ஜூலை 8 அன்று 'கியூபச் சொத்துக் கட்டுப்பாட்டு விதிகள்' வந்தன. அவற்றின் 515.204-ஆம் பிரிவு அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மூன்று வகைப் பொருள்களை விலக்குகிறது: கியூபாவில் உருவானவை, எப்போதாவது கியூபாவில் இருந்தவை அல்லது அதன் வழியே வந்தவை, கியூப விளைபொருளையோ உற்பத்தியையோ கொண்டு செய்யப்பட்டவை. பிலடெல்பியா பெசோ சிக்குவது இரண்டாவது வகையில். அதே அச்சில் அடித்த இன்னொரு காசு ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருந்தால், ஏலத்தில் வெளிப்படையாகக் கைமாறுகிறது. உலோகமும் உருவமும் ஒன்றாக இருக்க, இருக்கும் இடம்தான் சட்டத்தை மாற்றுகிறது.

கியூபாவிலிருந்து வரும் எல்லாப் பொருளுக்கும் அமெரிக்கா கதவை அடைக்கவில்லை என்பது இங்கே முக்கியம். நூல்கள், திரைப்படங்கள், சுவரொட்டிகள், இசைத்தட்டுகள், புகைப்படங்கள் ஆகிய 'தகவல் பொருள்'களைத் தடை தொடக்கூடாது என்று 1988-இல் பெர்மன் திருத்தம் விதித்தது. அந்தப் பட்டியலில் ஓவியம் இல்லை என்று வாதிட்ட அதிகாரிகள் 1989-இல் மயாமிச் சேகரிப்பாளர் ரமோன் செர்னுடாவின் கியூப ஓவியங்களைப் பறிமுதல் செய்தார்கள். அவர் வழக்குத் தொடுத்து வென்றார், ஓவியங்கள் திரும்பி வந்தன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1994-இல் சட்டத்தைத் திருத்தி, கலைப்படைப்புகளைப் பெயர் சொல்லியே சேர்த்தது. 'இவை உட்பட, ஆனால் இவற்றோடு நில்லாமல்' என்ற பொருளில் பட்டியலைத் திறந்தும் வைத்தது.

திறந்த பட்டியலைக் குறுக்கியது கருவூலத் துறையின் விதி. கலைப்படைப்பு என்று ஏற்கப்பட, பொருள் சுங்கத் தீர்வை அட்டவணையின் 9701, 9702, 9703 ஆகிய தலைப்புகளுள் ஒன்றில் அடங்க வேண்டும் என்கிறது 515.332-ஆம் பிரிவு. அவை முறையே ஓவியம், மூல அச்சுப்படம், சிற்பம். தபால்தலையின் தலைப்பு 9704, சேகரிப்புக்குரிய நாணயத்தின் தலைப்பு 9705. அடுத்த எண்ணில் இருப்பதாலேயே இரண்டும் வெளியே நிற்கின்றன. தீர்வை வசூலிக்க வகுத்த அட்டவணை, எது தகவல் என்பதைத் தீர்மானிப்பது பொருந்தாத செயல்.

நாணயமும் பணத்தாளும் எவ்வளவு செய்தி சொல்லும் என்பதற்குக் கியூபாவே நல்ல சான்று. புரட்சித் தலைவர் சே குவேரா 1959 நவம்பரில் தேசிய வங்கியின் தலைவரானார். அதன்பின் வந்த தாள்களில் 'சே' என்று மட்டும் கையெழுத்திட்டார். வங்கி நிர்வாகத்தின் மரபை ஒரு புரட்சி எப்படிப் பார்த்தது என்பதை அந்தக் கையெழுத்து காட்டிவிடுகிறது. 1961 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவில் அச்சான புதிய தாள்கள் திடீரென்று புழக்கத்துக்கு வந்தன. நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் கொண்டுபோன பழைய தாள்கள் செல்லாமல் போயின. அதே சே பின்னாளில் மூன்று பெசோ காசில் உருவமாக வந்தார். இந்த வரிசையை அடுக்கிவைத்துப் பார்க்கும் மாணவருக்கு, கியூபாவின் அரை நூற்றாண்டுப் பொருளாதார வரலாறு கைக்குள் வந்துவிடும்.

எதிர்வாதம் வலுவில்லாதது அல்ல. ஹவானாவில் 1977 முதல் அரசு நாணயச்சாலை இயங்குகிறது. விலங்குகள், கப்பல்கள், ஒலிம்பிக் என்று அது வெளியிட்ட நினைவு நாணயங்களில் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்கப்பட்டவை. அவற்றை வாங்கினால் பணம் கியூப அரசுக்குப் போகும். ஆனால் கியூப அரசின் திரைப்பட நிறுவனமான இக்காயிக் வெளியிடும் சுவரொட்டியும் அரசின் பொருள்தான். அதற்கு விலக்கு உண்டு. பழைய காசுகளுக்கோ இந்த வாதம் சிறிதும் பொருந்தாது. 1994-இல் வந்த மாற்றத்தக்க பெசோ 2021 ஜனவரி 1 முதல் கைவிடப்பட்டது. அதன் காசை இன்று மெக்சிகோவில் ஒருவரிடமிருந்து வாங்கினால் ஹவானாவுக்கு ஒரு காசுகூடப் போகாது.

பயணிகள் விதி இன்னும் நிலையற்றது. 2004-இல் புஷ் அரசு, பயணிகள் கியூபப் பொருள் கொண்டுவரும் சலுகையை நீக்கியது. ஒபாமா அரசு 2015-இல் 400 டாலர் வரை அனுமதித்து, 2016-இல் சொந்தப் பயன்பாட்டுக்கான வரம்பை எடுத்தது. 2020-இல் டிரம்ப் அரசு மதுவையும் புகையிலைப் பொருள்களையும் மட்டும் மறுபடி விலக்கியது. ஆக, ஹவானா போய்வர வசதியும் அனுமதியும் உள்ளவர் சேயின் மூன்று பெசோவைப் பையில் போட்டு வரலாம். ஊரிலிருந்தபடி ஆய்வு செய்பவர் அதையே அஞ்சலில் வரவழைக்க முடியாது. ஆய்வுக்கு இதைவிடப் பாதகமான பாகுபாடு வேண்டியதில்லை.

ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் 1996-இல் தடையைச் சட்டமாகவே இறுக்கியது. அதை முழுதாக நீக்குவது காங்கிரஸின் வேலை. நாணயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1994-இன் பட்டியல் திறந்தே இருப்பதால், தபால்தலையையும் சேகரிப்பு நாணயத்தையும் 515.332-இல் சேர்க்கக் கருவூலத் துறையின் விதித் திருத்தமே போதும். அமெரிக்க நாணயவியல் சங்கங்களும் அருங்காட்சியகங்களும் இந்தத் திருத்தத்தை எழுத்துமூலம் கேட்க வேண்டும்.