ஓசையற்ற மேசைக் கணினியின் வரலாறு

ஓசையற்ற மேசைக் கணினி என்பது, மின்விசிறியின் இரைச்சல் காதை உறுத்தாமலும் உள்ளுறுப்புகள் சூடேறிக் கெடாமலும் இருக்கும்படி அமைக்கப்படும் கணினியாகும். கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றும் விசிறிகளே கணினி இரைச்சலுக்கு முதன்மைக் காரணம். எனவே கணினியின் ஓசை அடங்கிய வரலாறு, அதன் சூடு தணிந்த வரலாறும் ஆகும்.

அறையையே குளிர்வித்த காலம்

1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது ஏறத்தாழ 150 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. இது 100 வாட் குண்டு பல்புகள் 1,500-ஐ ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 1960 இல் செயல்பாட்டுக்கு வந்த டிஃப்ராக் கணினியும் வெற்றிடக் குழல்களால் ஆனதே.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973 இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஐபிஎம் 370/155 கணினி வந்தது. இத்தகைய பெருங்கணினிகள் குளிரூட்டப்பட்ட தனி அறைகளில் இயங்கின. பயன்படுத்துவோர் துளை அட்டைகளைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தனர். காஞ்சிபுரம் பட்டுத்தறியில் பூவேலைக்கு உதவும் ஜக்கார்டு அட்டையின் வழியில் வந்தவையே இத்துளை அட்டைகள். பொறி ஓரறையிலும் மனிதர் வேறோர் அறையிலும் இருந்ததால் இரைச்சல் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

மேசைக்கு வந்த கணினி

கணினி மேசைக்கு வந்தபின் நிலைமை மாறியது. 1977 இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் விசிறியே இல்லை. ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி, பழைய வகைகளைவிடக் குறைந்த மின்சாரத்தையே வெப்பமாக வீணாக்கியது. சூடு குறைந்ததால் விசிறி தேவைப்படவில்லை.

1980 இல் வந்த ஆப்பிள் 3 கணினியிலும் விசிறி கூடாது என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் உறுதியாக இருந்தார். ஆனால் அதன் உறுப்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. பல கணினிகளில் சில்லுகள் தம் இடத்திலிருந்து நெகிழ்ந்து, கணினி செயலிழந்தது. கணினியைச் சிறிது தூக்கி மேசைமேல் போட்டால் சில்லுகள் மீண்டும் பொருந்தும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. வெப்பத்தைக் குறைக்காமல் விசிறியை மட்டும் நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல சான்று.

வெப்பம் ஏறிய ஆண்டுகள்

1993 இல் பென்டியம் செயலி வந்தபின், செயலியின் தலைமேல் அலுமினியத் தகடும் சிறு விசிறியும் அமர்வது வழக்கமாயிற்று. 2004 இல் வந்த பென்டியம் 4 செயலிகளில் சில 100 வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழ்ந்தன.

ஒரு விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் அது தள்ளும் காற்று இருமடங்காகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். இதனால் வேகமாகச் சுழலும் 80 மில்லிமீட்டர் விசிறிகளுக்குப் பதிலாக, மெதுவாகச் சுழலும் 120 மில்லிமீட்டர் விசிறிகள் பரவின. வேலை இல்லாத நேரத்தில் செயலியின் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் தாமாகவே குறைக்கும் முறைகளும் வந்தன. மின்னழுத்தம் பாதியானால் அதனால் எழும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகும் என்பதால் இம்முறை பெரும்பயன் தந்தது. பின்னர், சுழலும் வன்தட்டின் இடத்தைத் திண்மநிலை வட்டு பிடித்ததும் மற்றோர் ஓசை மறைந்தது.

சென்னையில் ஒரு முயற்சி

2000-களில் சென்னையைச் சேர்ந்த நோவேட்டியம் நிறுவனம் வேறு வழியில் சென்றது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, ராஜேஷ் ஜெயின், ரே ஸ்டாட்டா ஆகியோர் இதன் பின்னணியில் இருந்தனர். இவர்கள் உருவாக்கிய நெட்பிசி என்னும் சிறு பெட்டியில் வன்தட்டு இல்லை. கைப்பேசிகளில் பயன்படும் வகையைச் சேர்ந்த சில்லே இருந்தது. கணக்கீடு தொலைவிலுள்ள வழங்கியில் நடந்தது. விலையைக் குறைப்பதே இதன் முதல் நோக்கம். எனினும் சூடும் ஓசையும் பயனரின் மேசையிலிருந்து நீங்கின. பெருங்கணினிக் காலத்து ஏற்பாடே சிறிய வடிவில் திரும்பியது எனலாம்.

தமிழ்நாட்டு வெயிலில்

விசிறி வெளிக்காற்றையே உள்ளே இழுக்கிறது. அக்காற்றைவிட 45 பாகை கூடுதலாகச் சூடேறும் ஒரு செயலி, 22 பாகை செல்சியசு அறையில் 67 பாகையில் நிற்கும். மாகறல், காஞ்சிபுரம் போன்ற உள்நாட்டு ஊர்களில் கத்திரி வெயிலின்போது வெப்பம் 40 பாகையை எட்டும். அப்போது குளிரூட்டி இல்லாத அறையில் அதே செயலி 85 பாகையைத் தொடும். தகடுகளில் தூசி படிந்தால் இன்னும் ஏறும். குளிர்நாடுகளில் போதுமான அமைப்பு இங்கே போதாது என்பதற்கு இதுவே காரணம்.

சென்னை ரிச்சி தெருவில் உறுப்புகளை வாங்கிக் கணினி பொருத்துவோர்க்கும் இவ்வரலாறு உதவும். முதலில் குறைந்த வாட் செயலி, அடுத்து பெரிய தகடு, அதன்பின் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி, காற்று வந்துபோகத் தடையற்ற பெட்டி, மாதம் ஒருமுறை தூசி தட்டல் என்னும் வரிசையே ஏற்றது. விசிறியைக் கழற்றுவதிலிருந்து தொடங்கினால் ஆப்பிள் 3 கணினிக்கு நேர்ந்தது இங்கும் நேரும்.