தண்ணீர் அட்டுவார்

தண்ணீர்ப்பந்தல் என்ற சொல்லில் நிழலும் சேர்ந்தே இருக்கிறது. வெயிலில் வந்தவன் முதலில் ஒதுங்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், பிறகுதான் குடிக்க வேண்டும். நாலு கால் நட்டு ஓலை வேய்ந்த பிறகே பானை வைத்திருக்கிறார்கள் நம்மவர்கள்.

பெரியபுராணத்தில் இந்தப் பந்தல் வருகிறது. திங்களூர் அப்பூதியடிகள் தாம் வைத்த பந்தலுக்குத் திருநாவுக்கரசு என்று பெயரிட்டிருந்தார். நேரில் பார்த்திராத ஒருவரின் பெயர். அவ்வழியே வந்த அந்தத் திருநாவுக்கரசரே அதைப் படித்துவிட்டு, உம் பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று கேட்டார். ‘வேறொரு பெயர்’ என்றதும் அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டவர் யாரென்று அவருக்குத் தெரியாது. உபயதாரர் பெயர் பானையைவிடப் பெரிதாகத் தொங்கும் பந்தல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திங்களூர்ப் பந்தல் நினைவுக்கு வரும்.

சோழர் காலக் கல்வெட்டுகள் இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டுகின்றன. பந்தல் வைத்தார் என்பதோடு அவை நிற்பதில்லை. தண்ணீர் இறைப்பவனுக்கு நெல், அதை அட்டுவானுக்கு நெல், கலமிடும் குயவனுக்கு நெல் என்று தனித்தனியே ஏற்பாடு. அட்டுதல் என்றால் வார்த்தல். பானையில் ஆளாளுக்கு மொண்டு குடிக்கவில்லை. ஒருவர் வார்க்க, வழிப்போக்கர் ஏந்திக் குடித்தார். மண்கலம் உடையும் என்பதும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் குயவனுக்கும் பங்கு.

இதே வினைச்சொல்தான் நிலக்கொடைக் கல்வெட்டுகளிலும் வருகிறது. கொடுப்பவர் பெறுபவர் கையில் நீர் வார்த்துக் கொடையை உறுதி செய்வார். ‘நீரோடு அட்டிக் குடுத்தோம்’ என்று எழுதுவார்கள். நிலம் கொடுக்கவும் தாகம் தீர்க்கவும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

பந்தல் கோடை முடிந்தால் பிரிக்கப்படுவது. பெயர் அப்படிப் போய்விடவில்லை: கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் தண்ணீர்ப்பந்தல் என்றே ஒரு பகுதி இருக்கிறது. சித்திரை பிறந்தால் இன்றும் தெருமுனைகளில் பந்தல் முளைக்கிறது, மோரும் தர்பூசணியும் உண்டு. திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் போய்ப் பானையைச் சாய்த்துப் பாருங்கள், பல இடங்களில் அடியில் ஈரம்கூட இருக்காது. பந்தலும் பானையும் உபயம் செய்கிறவர்கள் இறைப்பவருக்கும் அட்டுவாருக்கும் கூலி ஒதுக்குவதில்லை.