கழித்த துணியும் காய்ச்சிய சாயமும்

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் சேவை, எழுந்த கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு வெற்றிகள் எல்லாம் முறையாகப் பதிவாகின்றன. தையலறைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்: இவ்வாண்டும் கைப்பணிக் கண்காட்சி சிறப்பாக நடைபெற்றது. ஆனால் பழைய மாணவிகள் நாலுபேர் கூடினால், கொழும்பிலானாலும் ரொறன்ரோவிலானாலும், பேச்சு எப்படியோ ஊசிக்கும் நூலுக்கும் வந்துவிடுகிறது. அப்போது நினைவுக்கு வருவது கண்காட்சியில் வைத்த மேசைவிரிப்பு மட்டுமல்ல. மாச் சாக்கில் தைத்த உள்பாவாடையும், அம்மம்மாவின் சேலைத் துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வையும் கூடவே வருகின்றன. எறிய வேண்டியதை எடுத்துத் தைத்த அந்தக் கைவேலையின் வரலாற்றை இம்மலரில் ஓரளவேனும் பதிந்துவைக்க விரும்புகிறோம்.

யாழ்ப்பாணத்துப் பெண்களின் தையலுக்குப் பல ஊற்றுகள் உண்டு. நம் பேச்சே அதற்குச் சான்று. கைக்குட்டையை லேஞ்சி என்கிறோம். சட்டையின் ஓரத்துக்கு ரேந்தை பிடிக்கிறோம். இரண்டும் போர்த்துக்கேயச் சொற்கள். 1619 முதல் 1658 வரை இங்கே ஆட்சி செய்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்கள் நம் தையற்பெட்டியில் தங்கிவிட்டன. பின்னர் மிஷனரிமார் வந்தனர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, எழுத்தோடும் வாசிப்போடும் தையலும் கற்பிக்கப்பட்டது. வேம்படி, 1896இல் தொடங்கிய சுண்டுக்குளி, 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய கல்லூரி எனப் பெண்கள் பாடசாலைகள் பெருகப் பெருக, ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்களும் பெருகினார்கள்.

பாடசாலை கற்பித்த தையலுக்குப் புதுத் துணி வேண்டும், அளவு வேண்டும், ஒழுங்கு வேண்டும். ஆசிரியை துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார். வீட்டுத் தையலுக்கு வேறு இலக்கணம். புதுச் சேலை பழசாகிக் குழந்தைக்கு ஏணையாகும். வேட்டி கிழிந்தால் பிள்ளைத் துணியாகும், பிறகு அடுப்படியில் கைபிடிதுணியாகும், மாதவிலக்கு நாள்களுக்கு மடித்துவைத்த துண்டாகும், கடைசியில் விளக்குத் திரியாகும். ஒரு முழத் துணிக்கு இத்தனை பிறவி. அந்த வித்தைக்கு யாரும் புள்ளி போட்டதில்லை. பாடசாலைத் தையல் நேர்த்தியைத் தந்தது. வீட்டுத் தையல் எதையும் வீணாக்காத கண்ணைத் தந்தது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்ததுதான் நம் தலைமுறைகளின் சொத்து.

சாயமிடுதலும் இந்த மண்ணுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணம், மன்னார், தீவகப் பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில் தானாக முளைக்கும் சிறு செடியின் வேர்தான் சாயவேர். அந்த வேரின் பட்டையைக் காய்ச்சி, படிகாரம் ஊட்டிய பருத்தியைத் தோய்த்தால் அழியாத சிவப்பு ஏறும். ஒல்லாந்தர் இதன் வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். வேர் கிண்டுவது சில சமூகத்தினருக்குக் கட்டாய ஊழியமாக விதிக்கப்பட்டது. அந்தச் சிவப்பின் அழகைப் பேசும்போது வெயிலில் குனிந்து வேர் கிண்டியவர்களையும் சேர்த்தே நினைக்கவேண்டும். 1869இல் ஐரோப்பிய இரசாயனவியலாளர்கள் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கியபின், உலகெங்கும் வேர்ச்சாயங்கள் விலைபோகாமற் போயின. நம்மில் பலர் சாயவேர்ச் செடியைக் கண்டதுகூட இல்லை.

ஆனால் சாயப் பானை அடுப்படியில் வேறு உருவில் இருந்துகொண்டே இருந்தது. தேத்தண்ணிக்கு வடித்ததையே தேயிலைச் சாயம் என்றுதானே சொல்கிறோம்! மிஞ்சிய தேயிலைச் சக்கையைக் கொதிக்கவைத்துப் பழைய பருத்தித் துணியை ஊறவிட்டால் மண்ணிறம் பிடிக்கும். அதற்குள் துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டால் சாம்பலும் கறுப்புமாக மாறும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது. நம்மூர்ச் சின்ன வெங்காயத்தின் தோலைச் சேர்த்துவைத்துக் காய்ச்சினால் மஞ்சளும் செம்மண்ணிறமும் கிடைக்கும். கொஞ்சம் படிகாரம் சேர்த்தால் நிறம் நின்று பிடிக்கும். மாதுளந் தோல், தேங்காய் மட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம் உண்டு. பீற்றூட் பார்ப்பதற்கு அழகு, இரண்டு தோய்ப்பில் போய்விடும். மஞ்சள் வெயிலுக்கு நில்லாது. சவர்க்காரம் பட்டால் சிவந்துவிடும் என்பது மஞ்சட்கறை பட்ட சட்டையைத் தோய்த்த எவருக்கும் தெரிந்ததே.

இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையில் துணிக்கும் கூப்பன் வந்தது. அக்காலத்தில் சிறுமிகளாயிருந்த நம் மூத்த சகோதரிகள் சீனிச் சாக்கையும் மாச் சாக்கையும் பிரித்துத் தைத்ததைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாக்கின் வாயைத் தைத்திருந்த நூலை அறுக்காமல் இழுத்தெடுத்து உருண்டையாகச் சுற்றிவைப்பார்களாம். சாக்கில் அச்சிட்ட எழுத்துத்தான் பெரும் பாடு. சாம்பற் தண்ணீரில் எத்தனை தரம் அவித்தாலும் ஆங்கில எழுத்து இரண்டு பாவாடையில் மிஞ்சியே நிற்கும். அதை மறைக்க அந்த இடத்திலேயே ஒரு பூவைத் தைத்தவர்களும் உண்டு.

1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலம் நம்மிற் பெரும்பாலோரின் சொந்த அனுபவம். மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் முதலியவை தடைப்பட்டன, அல்லது எட்டாத விலையில் வந்தன. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டு, பழைய வேட்டித் திரியைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் படித்தோம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். வெள்ளைச் சீருடை மெல்ல மெல்ல மங்கல் மஞ்சளாயிற்று. காயப்போட்ட சட்டையைப் பனம்பழ வாசத்துக்கு மாடு சப்பிய கதை எல்லா ஊரிலும் உண்டு. முடிந்த கொப்பிகளின் எழுதாத தாள்களைச் சேர்த்துத் தைத்துப் புதுக் கொப்பி செய்தோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, தையலறைகளையும் அலுமாரிகளில் இருந்த பரீட்சைத் துணிகளையும் விட்டுவிட்டுத்தான் போனோம்.

எல்லாவற்றிலும் கனமான தையல் ஒன்றுண்டு. பதுங்குகுழிக்கு மண்மூட்டை வேண்டும், சாக்கு இல்லை. பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். 2009இல் வன்னியின் கடைசி மாதங்களில் கூறைச் சேலைகள்கூட அப்படிப் போயின. பட்டுக்கரையோடு மண்ணை நிறைத்து அடுக்கிய அந்த மூட்டைகளைக் கலை என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் அவற்றைச் சொல்லாமல் நம் தையலின் வரலாற்றை எழுதவும் முடியாது.

போரும் பஞ்சமும் வந்த இடங்களில் எல்லாம் பெண்கள் ஊசியை எடுத்திருக்கிறார்கள். முதலாம் உலகப் போரில் ஜேர்மனி ஆக்கிரமித்த பெல்ஜியத்துக்கு அமெரிக்காவிலிருந்து நிவாரண மா வந்தது. வெறுமையான மாச் சாக்குகளில் அந்நாட்டுப் பாடசாலை மாணவிகளும் தையற்காரப் பெண்களும் பூவேலை செய்து, நன்றியாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அச்செழுத்தை அவர்கள் அழிக்கவில்லை. அதன்மேலேயே வண்ண நூலை ஓட்டினார்கள். அந்தச் சாக்குகள் அமெரிக்க அரும்பொருட்சாலைகளில் இன்றும் இருக்கின்றன. 1973இல் சிலியில் இராணுவ ஆட்சி வந்தபின், காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியின்மீது பழந்துணித் துண்டுகளைத் தைத்துத் தம் கதையைச் சொன்னார்கள். ஆர்ப்பிலேரா எனப்படும் அத்துணிச் சித்திரங்கள் நாட்டுக்கு வெளியே சென்று சாட்சி சொல்லின. நம் பெண்களிடமும் அதே துணி இருந்தது, அதே துயரமும் இருந்தது. அவர்களுடையது சேர்த்துவைக்கப்பட்டது, நம்முடையது திரியாக எரிந்து முடிந்தது.

இப்போது காற்று சற்றுத் திரும்பியிருக்கிறது. கண்டியில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹேமா ஷிரோனி, துணியையும் நூலையுமே தம் ஊடகமாகக் கொண்டு வீட்டையும் இடப்பெயர்வையும் பற்றிய படைப்புகளைச் செய்கிறார். நம் சங்கத்தினரிடையேயும் புது ஊக்கம் தெரிகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மாச் சாக்கு கிடையாது; தேயிலைப் பை கிடைக்கிறது. குடித்து முடிந்த பையைக் காயவைத்து, ஓரத்தைப் பிரித்துச் சக்கையை உதறி, இலேசாக இஸ்திரி போட்டால் தேநீர்க்கறை படிந்த மெல்லிய தாள் கிடைக்கும். வாழையினத்தைச் சேர்ந்த அபாக்கா நார் கலந்த தாள் என்பதால் ஊசிக்குக் கிழியாமல் நிற்கும். ஒவ்வொன்றிலும் கறை ஒவ்வொரு விதம். மெல்லிய பருத்தித் துணியைக் கீழே வைத்து அவற்றை ஒட்டுத்தையலாகச் சேர்த்து, மேலே சங்கிலித் தையலும் முடிச்சுத் தையலும் போட்டால் சுவரில் தொங்கவிடத்தக்க ஓவியத் துணி உருவாகும். முழுவதும் பிளாஸ்ரிக் இழையால் ஆன பளபளப்பான பைகள் இதற்கு உதவா. இஸ்திரிச் சூட்டில் உருகிவிடும்.

வறுமையைக் கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. சவர்க்காரம் இல்லாத நாள்களுக்குத் திரும்பிப்போக நம்மில் ஒருவரும் விரும்பமாட்டோம். ஆனால் அந்த இல்லாமைக்குள்ளும் எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு, எந்தக் கரைக்கு எந்த நூல் என்று தெரிந்தெடுத்த ஒரு கண் இருந்தது. அந்தக் கண்தான் கலை. அதை உடையவர்கள் தம்மைக் கலைஞர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆகையால் அவர்களின் பெயரும் எங்கும் இல்லை.

எனவே எங்கும் பரந்து வாழும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் ஒட்டுப்போர்வை, சாக்குத் தலையணையுறை, அம்மா கொண்டுவந்த சேலைத் துண்டு ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். கஞ்சி போடாமல் தோய்த்து நன்றாக உலர்த்துங்கள். கஞ்சி பூச்சியை அழைக்கும். பொலித்தீன் பைக்குள் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வெயில் படாத இடத்தில் வையுங்கள். யார் தைத்தது, எந்த ஆண்டு, எந்த ஊரில், முன்பு அது என்னவாக இருந்தது, எதைக் காய்ச்சிச் சாயமிட்டது என்பவற்றை ஒரு துணி நாடாவில் எழுதி ஓரத்தில் இணையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எண்பது, தொண்ணூறு வயதானவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். படமெடுக்கும்போது முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள். ஒட்டும் முடிச்சும், நூல் போதாமல் வேறு நிறத்தில் தொடர்ந்த இடமும் அங்கேதான் தெரியும்.