பத்து விழுக்காட்டுக் கோடு: ஹெர்2 சோதனையும் கட்டிக்குள் உள்ள வேறுபாடும்

மார்பகக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த திசுத்துணுக்கில் ஹெர்2 புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கிறார் நோய்க்குறியியலாளர். 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட புற்றணுக்களின் சவ்வில் சாயம் முழுச்சுற்றாகவும் அடர்த்தியாகவும் பிடித்திருந்தால் அறிக்கையில் '3+' என்று எழுதுகிறார். மற்ற அணுக்கள் எப்படி இருந்தன என்பதற்கு அந்தக் குறியில் இடமில்லை. 15 விழுக்காடு சாயம் பிடித்த கட்டியும் 95 விழுக்காடு பிடித்த கட்டியும் ஒரே பெயரில் ஒரே சிகிச்சைக்குப் போகின்றன. நச்சைச் சுமந்து செல்லும் எதிர்ப்பொருள் மருந்துகள் இன்று வந்திருக்கும் நிலையில் இந்தக் குறி போதாது என்பதே என் வாதம். இலக்குப் புரதம் இல்லாத அணுக்கள் எவ்வளவு, அவை கட்டியில் எங்கே இருக்கின்றன என்பதையும் அறிக்கை சொல்லியாக வேண்டும்.

இந்தக் கோடு பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1987இல் டென்னிஸ் ஸ்லாமனும் உடன் ஆய்வாளர்களும் 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்து, ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ஹெர்2 மரபணு பெருகியிருப்பதையும், அந்நோயாளிகளின் ஆயுள் குறுகியிருப்பதையும் காட்டினர். அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளான டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2001இல் வெளியான ஆய்வில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதங்கள், டிராஸ்டுசுமாபும் சேர்ந்தபோது 25.1 மாதங்கள். இந்த வெற்றியில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. உடன் கொடுக்கப்பட்ட கீமோதெரபிக்கு ஹெர்2 தேவையில்லை. எதிர்ப்பொருள் தொடாத அணுக்களையும் அது தாக்கியது. கட்டிக்குள் இருந்த வேறுபாட்டின் விலையைக் கீமோதெரபி பெருமளவு செலுத்திவந்ததால், அந்த விலை என்னவென்று நமக்குத் தெரியாமலே போயிற்று என்று கருதுகிறேன்.

அது தெரியவந்தது, கீமோ மருந்தை எதிர்ப்பொருளின் முதுகிலேயே ஏற்றி அனுப்பத் தொடங்கிய பிறகுதான். 2013இல் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் எம்டான்சினில், ஓர் எதிர்ப்பொருள் மூலக்கூறு சராசரியாக மூன்றரை நச்சு மூலக்கூறுகளைச் சுமக்கிறது. ஹெர்2 உள்ள அணு அதை உள்வாங்கிச் செரிக்கும்போது நச்சு விடுபடுகிறது. விடுபட்ட நச்சு மின்னேற்றம் கொண்டது. சவ்வை எளிதில் தாண்டாது. ஆகவே அது பிறந்த அணுவுக்குள்ளேயே பெரிதும் அடங்கிவிடுகிறது. நலமான திசுக்களுக்கு இது பாதுகாப்பு. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஹெர்2 இல்லாத புற்றணுவுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது.

இதை நேராகச் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. ஹெர்2 நேர்நிலை என்று மைய ஆய்வகம் உறுதிசெய்த நோயாளிகளின் கட்டியில், சிகிச்சைக்கு முன்பே இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து திசு எடுத்தார்கள். பிறகு அறுவைக்கு முன் டிராஸ்டுசுமாப் எம்டான்சினும், ஹெர்2ஐப் பற்றும் மற்றோர் எதிர்ப்பொருளான பெர்டுசுமாபும் கொடுத்தார்கள். வழக்கமான கீமோதெரபி தரவில்லை. மதிப்பிட முடிந்த 157 பேரில் 16 பேருக்குக் கட்டிக்குள் ஹெர்2 வேறுபாடு இருந்தது. வேறுபாடு இல்லாதவர்களில் 55 விழுக்காட்டினருக்குப் புற்று முழுவதும் மறைந்திருந்தது. அந்த 16 பேரில் ஒருவருக்குக்கூட மறையவில்லை. 16 சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பாதிக்கு மேல் ஒருபுறம், சுழியம் மறுபுறம் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். எல்லாருமே பழைய அளவுகோலின்படி 'நேர்நிலை' என்று சான்று பெற்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இரைப்பைப் புற்றிலிருந்தும் இதை ஒத்த செய்தி வருகிறது. அங்கே ஹெர்2 தீவுதீவாக அமைவது மார்பகத்தைவிட மிகுதி. பல இடங்களில் திசு எடுக்க வேண்டும் என்று பரிந்துரைப்பதே அதனால்தான். கீமோதெரபியுடன் சேர்ந்த டிராஸ்டுசுமாப் 2010இல் வெளியான ஆய்வில் ஆயுளை 11.1 மாதங்களிலிருந்து 13.8 ஆக உயர்த்தியது. கீமோதெரபிக்குப் பதிலாக நின்ற டிராஸ்டுசுமாப் எம்டான்சினோ, 2017இல் வெளியான ஆய்வில் டாக்சேன் என்ற கீமோ மருந்தை வெல்லவில்லை: எம்டான்சினுக்கு 7.9 மாதங்கள், டாக்சேனுக்கு 8.6. தோல்விக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கீமோதெரபி துணையாக நின்ற இடத்தில் வெற்றி, அது விலகிய இடத்தில் தோல்வி என்ற வரிசை மார்பகத்தில் கண்டதோடு பொருந்துகிறது.

ஒரே கட்டிக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதில் வியப்பில்லை. புற்று என்பது ஓரணுவில் தொடங்கிக் கிளைகிளையாகப் பிரிந்து மாறிவரும் குலம் என்று பீட்டர் நோவெல் 1976லேயே எழுதினார். 2012இல் சிறுநீரகப் புற்றைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்தபோது, மரபணு மாற்றங்களில் 63 முதல் 69 விழுக்காடு வரை எல்லாப் பகுதிகளிலும் காணப்படவில்லை. ஓர் ஊசி முனையில் வந்த துணுக்கு முழுக் கட்டிக்கும் சாட்சி ஆகாது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எம்டான்சினைப் போலவே நச்சைச் சுமக்கும் புதிய மருந்தான டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகன் ஏறத்தாழ எட்டு நச்சு மூலக்கூறுகளைச் சுமக்கிறது. விடுபட்ட நச்சு சவ்வைத் தாண்டி அண்டை அணுக்களையும் கொல்கிறது. 2022இல் வெளியான ஆய்வில், முன்பு 'எதிர்நிலை' என்று விலக்கப்பட்ட, ஹெர்2 குறைவாக உள்ள நோயாளிகளுக்கும் அது ஆயுளை 16.8 மாதங்களிலிருந்து 23.4 ஆக நீட்டியது. அப்படியானால் வேறுபாட்டை எண்ணிக்கொண்டிருப்பானேன் என்று கேட்கலாம்.

இந்தக் கேள்விக்கு 2023இல் வெளியான டெய்சி ஆய்வு பதில் தருகிறது. அதே மருந்துக்குக் கட்டி சுருங்கியது ஹெர்2 மிகுந்தவர்களில் 70.6 விழுக்காடு, குறைந்தவர்களில் 37.5, சாயத்தில் ஏதும் தெரியாதவர்களில் 29.7. கடைசி எண் நம் சோதனையின் '0' உண்மையில் சுழியம்தானா என்ற ஐயத்தை எழுப்புகிறது. மூன்றும் சேர்ந்து, இலக்கின் அளவு இன்னும் கணக்கில் உண்டு என்று காட்டுகின்றன. அண்டை அணுவைக் கொல்ல நச்சு அங்கே போய்ச் சேர வேண்டும். ஹெர்2 உள்ள அணுக்களும் இல்லாதவையும் உப்பும் மிளகும்போல் கலந்திருந்தால் அது எளிது. தனித்தனித் திட்டுகளாக இருந்தால் திட்டின் நடுவில் உள்ளவை தப்பிக்கும். இந்த மருந்துக்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று: 2022 ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 12.1 விழுக்காட்டினருக்கு நுரையீரல் அழற்சி வந்தது; மூவர் அதனால் இறந்தனர். யாருக்கு இந்த மருந்து தேவை, யாருக்கு எளியது போதும் என்று தெரிந்துகொள்ளும் கடமை இதனால் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

பல துணுக்குகள் எடுப்பது நோயாளிக்கு வலி, ஆய்வகத்துக்குச் செலவு என்பது உண்மை. அதை எல்லாரிடமும் உடனே கேட்க முடியாது. ஆனால் கையில் உள்ள கண்ணாடித் துண்டிலேயே சாயம் பிடிக்காத அணுக்கள் கண்முன் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் நோய்க்குறியியலாளர்களிடம் என் வேண்டுகோள் இது: '3+' என்பதற்குக் கீழே, சாயம் பிடிக்காதவை எத்தனை விழுக்காடு, அவை கலந்து நிற்கின்றனவா திட்டாக நிற்கின்றனவா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.