கூட்டணிக் காற்றும் தொகுதி மண்ணும்: ரிஷிவந்தியம் சட்டமன்றத் தேர்தல்கள், 1984–2021

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் கோட்டை மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தியாகதுருகம். மேற்கே கள்ளக்குறிச்சி, கிழக்கே உளுந்தூர்பேட்டை, வடக்கே ரிஷிவந்தியம் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள் இந்த வட்டாரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூராரும் இந்த மலைக்கோட்டைக்காக மோதினார்கள். அந்த வரலாற்றை எழுதியவர்கள் பலர். அதே மண்ணில் கடந்த 40 ஆண்டுகளில் நடந்த தேர்தல் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. தமிழகச் சட்டப்பேரவையின் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரை அனுப்பிய வட்டாரம் இது. அந்த ஒரு வெற்றியின் பிரகாசத்தில் அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை கண்ணில் படாமல் போய்விட்டன.

ரிஷிவந்தியத்தில் தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்த் 2011இல் பெற்ற வெற்றியை அவருடைய அரசியல் வாழ்வின் உச்சமாகச் சொல்வது வழக்கம். பதவியை வைத்துப் பார்த்தால் அது சரி. சொந்த வாக்குகளை வைத்துப் பார்த்தால் உச்சம் ஐந்தாண்டு முன்னதாகவே விருத்தாசலத்தில் வந்துவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். அதை நிறுவ, அவருக்கு முன் ரிஷிவந்தியத்தைக் கையில் வைத்திருந்த எஸ். சிவராஜிலிருந்து தொடங்க வேண்டும்.

சிவராஜ் இத்தொகுதியிலிருந்து நான்கு முறை பேரவைக்குப் போனவர். முதல் வெற்றி 1984இல், காங்கிரஸ் வேட்பாளராக. இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டு இரண்டே மாதங்களில், முதல்வர் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபோது நடந்த தேர்தல் அது. அ.தி.மு.க.வும் காங்கிரசும் ஓரணியில் நின்றன. அனுதாப அலை அடித்தது. 1989, 1991 தேர்தல்களில் தொகுதி அவர் கையில் இல்லை. 1996இல் மூப்பனார் காங்கிரசிலிருந்து பிரிந்து தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கி தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தபோது, சிவராஜ் அக்கட்சியின் வேட்பாளராக வென்றார். 2001இல் அதே த.மா.கா. அ.தி.மு.க. அணிக்குப் போனது, சிவராஜ் மறுபடியும் வென்றார். 2002இல் த.மா.கா. காங்கிரசோடு இணைந்தது. 2006இல் தி.மு.க. அணியின் காங்கிரஸ் வேட்பாளராக நான்காம் முறையும் வென்றார்.

1984இல் இரட்டை இலை அணி, 1996இல் உதயசூரியன் அணி, 2001இல் மறுபடி இரட்டை இலை அணி, 2006இல் மறுபடி உதயசூரியன் அணி என்று தோழமைகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. நான்கு முறையும் மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த அணியில்தான் அவர் இருந்தார். இதைச் சிவராஜின் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்ல முடியாது. முடிவெடுத்தது கட்சித் தலைமை. ஆனால் எந்த அணியில் நின்றாலும் தொகுதிக்குள் அதே முகத்தை நிறுத்த அவருடைய தலைமை தயங்கியதில்லை. நகராட்சி ஒன்றுகூட இல்லாத, கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகிற, சிற்றூர்களாகவே விரிந்த தொகுதி இது. இங்கே வேட்பாளரின் முகம் பழகியிருப்பது கட்சிக்குப் பெரிய முதலீடு. அந்த முதலீடும் கூட்டணிக் கணக்கும் ஒரே பக்கம் விழுந்த நான்கு தேர்தல்களில் சிவராஜ் வென்றார் என்பதே என் கணிப்பு.

சிவராஜை விட்டுவிட்டுத் தொகுதியை மட்டும் பார்த்தாலும் இந்தப் போக்கு தெரிகிறது. 1991இல் இங்கே அ.தி.மு.க. வென்றது, ஜெயலலிதா முதன்முறையாக முதல்வரானார். 1996, 2001, 2006இல் நடந்ததை மேலே பார்த்தோம். 2011இல் வென்ற தே.மு.தி.க.வும் ஆட்சியைப் பிடித்த அணியில்தான் இருந்தது. ஆக, 1991 முதல் 2011 வரை ஐந்து தேர்தல்களிலும் மாநில ஆட்சி எந்த அணிக்குப் போனதோ அந்த அணிக்கே ரிஷிவந்தியமும் போயிருக்கிறது. காற்றடிக்கும் பக்கம் சாய்வது என்று இதைக் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாலைக்கும் கிணற்று மின் இணைப்புக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்புப் பண நிலுவைக்கும் அரசையே எதிர்பார்த்திருக்கும் விவசாயப் பகுதி, ஆளும் தரப்பில் தனக்கொரு ஆள் வேண்டும் என்று நினைப்பது நியாயமான அரசியல் கணக்கு.

விஜயகாந்துக்கு வருவோம். மதுரைக்காரரான அவர் 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். கட்சி பிறந்தது தெற்கில். ஆனால் தான் போட்டியிடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த மூன்று தொகுதிகளும் வடதமிழகத்தில், ஒன்றையடுத்து ஒன்றாக இருப்பவை. 2006இல் விருத்தாசலம், 2011இல் ரிஷிவந்தியம், 2016இல் உளுந்தூர்பேட்டை. விருத்தாசலத்தின் வடக்கு எல்லையில் உளுந்தூர்பேட்டை. அதை ஒட்டி ரிஷிவந்தியம். இவற்றில் எதிலும் அவர் இரண்டாம் முறை நிற்கவில்லை. சிவராஜ் தொகுதியை விடாமல் கட்சிக் கொடியை மாற்றினார். விஜயகாந்த் கொடியை விடாமல் தொகுதியை மாற்றினார். இந்த வேறுபாடு வெறும் சுவைக்காகச் சொல்வதல்ல. இருவருடைய வாக்கும் எதன் மேல் நின்றது என்பதை இதுவே பிரித்துக் காட்டுகிறது.

2006இல் தே.மு.தி.க. எந்தக் கட்சியோடும் சேரவில்லை. தெய்வத்தோடும் மக்களோடும்தான் கூட்டணி என்று விஜயகாந்த் ஊர் ஊராகச் சொல்லி வந்தார். விருத்தாசலத்தில் அவரை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் பா.ம.க.வின் இரா. கோவிந்தசாமி, 2001இல் அங்கே வென்றவர். பா.ம.க. அப்போது தி.மு.க. அணியில் இருந்தது. விஜயகாந்த் 61,337 வாக்குகள், கோவிந்தசாமி 47,560. வித்தியாசம் 13,777. அந்தத் தேர்தலில் தே.மு.தி.க. மாநில அளவில் 8.38 சதவீத வாக்கு வாங்கியது. வென்ற இடம் இது ஒன்றுதான். வன்னியர், ஆதிதிராவிடர் என்ற இரு பெரும் சமூகங்களும் தங்கள் கட்சிகளைக் கட்டியெழுப்பியிருந்த பகுதியில், இரண்டிலும் சேராத வெளியூர்க்காரர், கூட்டணி எதுவுமின்றி, பா.ம.க.வின் கையிலிருந்த தொகுதியைப் பிடித்தார். இரு பெரும் கழகங்களின் மீதும் சாதி அடிப்படையிலான அணிதிரட்டலின் மீதும் சலிப்புற்றிருந்த வாக்காளர், குறிப்பாக இளைஞர், தங்களுக்கென ஒரு கதவைத் திறந்துகொண்டதாகவே இதைப் படிக்க முடிகிறது. 2009 மக்களவைத் தேர்தலில் அதே தனிவழியில் நின்ற தே.மு.தி.க.வின் எல்.கே. சுதீஷ் கள்ளக்குறிச்சித் தொகுதியில் 1.3 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். தி.மு.க.வின் ஆதிசங்கர் வென்றார், பா.ம.க. இரண்டாமிடம், தே.மு.தி.க. மூன்றாமிடம். தோல்விதான். ஆனால் ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி ஆகியவற்றோடு ஆத்தூர், கங்கவல்லி, ஏற்காடு வரை விரிந்த தொகுதியில் சொந்தக் காலில் நின்று எடுத்த வாக்கு அது. 2011இல் ரிஷிவந்தியம் விஜயகாந்தின் கண்ணில் பட்டதற்கு இந்த எண்ணிக்கையும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

2011 வாக்குகளை 2006 வாக்குகளோடு நேராக ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. 2008 தொகுதி மறுசீரமைப்பில் இப்பகுதியின் வரைபடமே மாறியது. சின்னசேலம் தொகுதி மறைந்தது, திருநாவலூர் மறைந்தது, உளுந்தூர்பேட்டை தனித் தொகுதி என்ற நிலையிலிருந்து பொதுத் தொகுதியானது, கள்ளக்குறிச்சி தனித் தொகுதியானது. ரிஷிவந்தியத்தின் எல்லைகளும் மாறின. சிவராஜ் 2011இல் இழந்தது, 2006இல் வென்ற அதே நிலப்பரப்பை அல்ல. பல கட்டுரைகள் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கின்றன.

2011 தேர்தலில் அ.தி.மு.க. அணியில் தே.மு.தி.க.வுக்கு 41 இடங்கள் ஒதுக்கப்பட்டு 29இல் வென்றது. ரிஷிவந்தியத்தில் விஜயகாந்த் 91,164, சிவராஜ் 60,369. வித்தியாசம் 30,795. எண்ணிக்கை விருத்தாசலத்தைவிடப் பெரிது. ஆனால் இந்த 91 ஆயிரத்துக்குள் இரட்டை இலை வாக்கு எவ்வளவு, தே.மு.தி.க.வின் முரசு வாக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மாநிலம் முழுதும் தி.மு.க.வுக்கு எதிரான காற்று. அந்த அணியில் தி.மு.க. வெறும் 23 இடங்களிலும் காங்கிரஸ் 5 இடங்களிலும் மட்டுமே வென்றன. வாக்காளருக்குப் பழகிய முகமும் அன்று சிவராஜைக் காப்பாற்றவில்லை. கூட்டணிக் கணக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. மாநில அளவில் தே.மு.தி.க.வின் வாக்கு விகிதம் 7.88 சதவீதம். போட்டியிட்ட இடங்கள் குறைவு என்பதால் இதை 8.38க்குக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் தனித்து நின்ற 2006இல் ஒன்றாக இருந்த இடம் கூட்டணியில் 29 ஆனதே, வாக்கைவிடக் கூட்டணி எவ்வளவு பலமாக வேலை செய்தது என்பதைக் காட்டப் போதும்.

தி.மு.க.வுக்கு 23 இடங்கள்தான் என்பதால் இரண்டாவது பெரிய கட்சி தே.மு.தி.க. ஆனது. எதிர்க்கட்சித் தலைவர் தகுதிக்குப் பேரவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 உறுப்பினர்கள் தேவை. 2011 மே 27 முதல் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். ஆளும் கட்சியின் தோளில் ஏறி வந்து எதிர்க்கட்சித் தலைவரான நிலை தமிழகப் பேரவை வரலாற்றில் அபூர்வம். அது நிலைக்கவும் இல்லை. அவ்வாண்டு அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலிலேயே இரு கட்சிகளும் தனித்தனியே நின்றன. பேருந்துக் கட்டணமும் பால் விலையும் உயர்ந்த பிறகு, 2012 பிப்ரவரி 1 அன்று அவையில் நடந்த வாக்குவாதத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இருக்கையிலிருந்து எழுந்து, விரல் நீட்டி, நாக்கைத் துருத்தி ஆளும் தரப்பை நோக்கிப் பேசுகிற விஜயகாந்த். அவர் 10 நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதன்பின் அவைக்கு அவர் வருவது குறைந்தது. கட்சி உறுப்பினர்கள் ஒவ்வொருவராக முதல்வரைச் சந்திக்கத் தொடங்கினார்கள். தே.மு.தி.க. உறுப்பினர் பண்ருட்டி ராமச்சந்திரன் 2013 டிசம்பரில் பதவி விலகினார். 2016 பிப்ரவரி 21 அன்று எட்டு தே.மு.தி.க. உறுப்பினர்கள் சேர்ந்தாற்போல் விலகியதும் எண்ணிக்கை 20க்கு இறங்கி, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போனது.

இதை ரிஷிவந்தியத்திலிருந்து பார்க்க வேண்டும். 20 ஆண்டுகளாக ஆளும் அணியின் உறுப்பினரையே பெற்றுவந்த தொகுதி, வாக்களித்தபோது நினைத்திராத எதிர்க்கட்சி நிலையில் நாலரை ஆண்டுக்கு மேல் இருந்தது. 2016இல் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தது, ரிஷிவந்தியத்தில் தி.மு.க.வின் வசந்தம் கார்த்திகேயன் அ.தி.மு.க.வை 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். 1991க்குப் பிறகு இத்தொகுதி ஆட்சியைப் பிடித்த அணிக்கு எதிராக ஓட்டுப் போட்டது அதுவே முதல்முறை. 2021இல் அவருடைய வித்தியாசம் 40 ஆயிரத்தைத் தாண்டியது. மாவட்டக் கட்சிப் பொறுப்பும் அவரிடம் வந்திருந்தது. காங்கிரசுக்கும் த.மா.கா.வுக்கும் தே.மு.தி.க.வுக்குமாகத் தோழமைக் கட்சிகளுக்கு விடப்பட்டுவந்த தொகுதியில் ஒரு கழகம் நேரடியாகக் காலூன்றியதுதான் 2016இன் உண்மையான மாற்றம்.

விஜயகாந்த் 2016இல் ரிஷிவந்தியத்துக்குத் திரும்பவில்லை. ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இரு கம்யூனிஸ்டுகள், மீண்டும் தனிக்கட்சியாகியிருந்த த.மா.கா. ஆகியவை சேர்ந்த அணியின் முதல்வர் வேட்பாளராக உளுந்தூர்பேட்டையில் நின்றார். எதிரே இருந்தவர் அ.தி.மு.க.வின் இரா. குமரகுரு. 2006இல் திருநாவலூரிலும் 2011இல் உளுந்தூர்பேட்டையிலும் வென்று, பத்தாண்டாக அதே மண்ணில் புழங்கியவர். குமரகுரு 81,973, தி.மு.க.வின் ஜி.ஆர். வசந்தவேல் 77,809, விஜயகாந்த் 34,447. வைப்புத்தொகை போய்விட்டது. விடுதலைச் சிறுத்தைகளுக்குச் செல்வாக்குள்ள பகுதி என்பதையும் கணக்கில் கொண்டால், அந்த 34 ஆயிரத்தில் முரசின் சொந்த வாக்கு இன்னும் குறைவு. மாநில அளவில் கட்சி 2.39 சதவீதத்துக்கு வந்தது. விருத்தாசலத்தின் 61,337ஐ இங்கே மறுபடியும் நினைத்துப் பார்க்க வேண்டும். தனித்து நின்ற புதுமுகத்துக்குக் கிடைத்தது, பத்தாண்டு கழித்து ஆறு கட்சி சேர்ந்து நின்ற முதல்வர் வேட்பாளருக்குக் கிடைத்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. எந்தத் தொகுதியிலும் பத்தாண்டு தங்கி ஊர்க் கிளைகளை வளர்க்காத கட்சி, தனிவழி என்ற ஒரே அடையாளத்தையும் 2011இல் விட்டுக்கொடுத்தது. அதன்பின் அதற்குக் கைமுதல் இல்லை.

அதே 2016இல் பக்கத்துக் கள்ளக்குறிச்சி (தனி) தொகுதியில், தியாகதுருகத்தைச் சேர்ந்த அ.தி.மு.க. இளைஞர் அ. பிரபு 90,108 வாக்குகள் பெற்று தி.மு.க.வின் பெ. காமராஜை 4,104 வாக்கில் வென்றார். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு 2018இல் டி.டி.வி. தினகரன் பக்கம் சாய்ந்தார். 2019 ஏப்ரலில் இவருக்கும் அறந்தாங்கி இரத்தினசபாபதி, விருத்தாசலம் கலைச்செல்வன் ஆகியோருக்கும் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதி நீக்க நோட்டீஸ் அனுப்பினார். 22 தொகுதி இடைத்தேர்தலின் முடிவு தெரியாத நேரம். ஒவ்வொரு உறுப்பினரும் ஆட்சியின் ஆயுளாகக் கருதப்பட்ட நேரம். இடைத்தேர்தலுக்குப் பின் மூவரும் ஆளும் தரப்புக்கே திரும்பினார்கள். 2021இல் கட்சி பிரபுவை நிறுத்தாமல் மா. செந்தில்குமாரை நிறுத்தியது; அவர் காங்கிரசை 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்கில் வென்றார். மாநிலத்தில் அலை தி.மு.க. பக்கம் இருந்தபோதும் இது நடந்தது. தியாகதுருகம் வட்டாரத்துக்குள்ளேயே ரிஷிவந்தியம் ஒரு பக்கமும் கள்ளக்குறிச்சி மறுபக்கமுமாக நின்றன.

மூன்றாவது அணிக்கான இடம் எவ்வளவு சுருங்கியது என்பதற்கு 2021 முடிவுகளே போதும். விருத்தாசலத்தில் பிரேமலதா விஜயகாந்த் நின்றார். 25,908 வாக்கு, மூன்றாமிடம், வைப்புத்தொகை இழப்பு. கட்சியின் மாநில வாக்கு 0.43 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் தி.மு.க.வின் மணிக்கண்ணனும் குமரகுருவும் ஆளுக்கொரு லட்சத்துக்கு மேல் வாங்கி, சுமார் ஐந்தாயிரம் வாக்கில் முடிவு தீர்ந்தது. இரு கழகங்களுக்கு வெளியே 2006இல் விருத்தாசலத்திலும் 2009இல் கள்ளக்குறிச்சியிலும் திரண்ட அந்த வாக்காளர்கள் எந்தெந்தச் சாவடிகளில் எந்தக் கழகத்துக்குப் போனார்கள் என்பதைப் படிவம் 20இன் சாவடிவாரிக் கணக்கைத் தொகுத்தே சொல்ல முடியும். 2008க்கு முந்தைய எல்லைகளோடு அதைப் பொருத்திப் பார்க்கும் வேலையை ரிஷிவந்தியத்திலிருந்து தொடங்குவதே சரி.